பின்னறைச் செபம்

கிவா அக்கா மாதா கோயிலில் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்காருவாள். பெண்கள் பக்கம், தூணை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால் பீடம் பாதிதான் தெரியும்; ஆண்கள் பக்கத்து ஜன்னல் முழுசாகத் தெரியும். கடல்காற்று அடிக்கும் என்பதால் அந்த ஜன்னலுக்குக் கீழே பாயில் யாரும் உட்கார மாட்டார்கள். பூசை முழுக்க அக்காவின் கழுத்து அந்தக் காலி இடத்தின் பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும். அவளுக்குப் பின்னால் உட்காருகிறவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

அந்த இடம் அவள் புருஷன் இவாமாட்சுவுக்காக அவள் மனசுக்குள் போட்டு வைத்தது. அவர் ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை.

ஜப்பானின் மேற்குக் கடலில் இருக்கும் எங்கள் கோத்தோ தீவில் வேதக்கார வீடுகள் இரண்டு வகை; இரண்டும் ஒரே வேரில் வந்தவைதான். வேதத்தின் பெயரைச் சொன்னால் தலை போகும் என்றிருந்த அத்தனை தலைமுறையும் குருவில்லாமல், கோயிலில்லாமல், செபத்தை வாயோடு வாயாக ஒளித்துக் காப்பாற்றினார்கள். தடை நீங்கிச் சாமியார்கள் கப்பலில் வந்து இறங்கியபோது சில வீடுகள் கோயிலுக்குத் திரும்பின. சில வீடுகள், எங்கள் அப்பன் கும்பிட்டபடியே கும்பிட்டுக்கொள்கிறோம் என்று விலகி நின்றுவிட்டன. கிவா திரும்பின வீட்டுப் பெண். கத்தரீனா என்று ஞானஸ்நானம் பெற்றவள். இவாமாட்சு விலகின வீட்டுப் பிள்ளை. மத்தி வலை இழுக்கிற இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கோயிலைச் சேராதவர் என்பதால் கல்யாணம் பீடத்தின் முன்னால் நடக்கவில்லை, சாமியாரின் அறையில் நடந்தது. பெண் வீட்டார் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

நான் அடுத்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி வெகு காலமாகியிருந்தது. குழந்தை இல்லை. முன்னறை அலமாரியில் அக்காவின் மாதா சுரூபம், நீல அங்கியோடு. பின்னறையில், மெத்தைகளை அடுக்குகிற அலமாரிக்குள், குழந்தையை மடியில் வைத்த வெள்ளைப் பீங்கான் அம்மன். பார்க்கிறவர்களுக்குப் புத்தக் கோயில் தேவி. இவாமாட்சுவுக்கு அவளும் மாதாதான். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரிக்குள் தலையை நீட்டித்தான் செபம் சொல்லுவார். முணுமுணுப்பு மட்டும் கேட்கும்.

"இப்ப யாரு வந்து பிடிச்சிட்டுப் போகப் போறா? வெளில எடுத்து வைங்களேன்" என்பாள் அக்கா.

"பழக்கமில்லாம வெளிச்சத்துல வச்சா அதுக்குக் கூசும்டி."

"அதுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவர்கள் கூட்டத்தின் பண்டிகைக் கணக்கு பழைய கணக்கு. கர்த்தர் பிறப்பு கோயிலில் வருவதற்கு முன்பே அவருக்கு வந்துவிடும். சோறும் மீனும் சாக்கே என்கிற அரிசி மதுவும் படைத்துவிட்டு, சாக்கேயை அவரே குடித்து முடிப்பார். "எங்க வீட்டுல மட்டும் சாமி ரெண்டு தடவ பொறக்குறாரு. மொத தடவ இவருக்குப் போதை, ரெண்டாவது தடவ எனக்கு முழங்கால் வலி" என்று அக்கா கிணற்றடியில் சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரித்துவிட்டு, குடத்தை எடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஒரு இலையுதிர் காலத்தில் காயப்போடுவதற்காக அவர்கள் இரண்டு பேரும் நானும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் அக்கா கேட்டாள்: "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வந்தா என்ன? சும்மா உக்காந்துட்டு வந்துடுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் உன்கூட வந்துட்டேன்னு வச்சுக்கோ. செத்தப்புறம் எங்கப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துல நின்னு தேடுவாங்க, எங்கடா நம்ம பையன்னு. உங்க மோட்சத்துல அவங்களை விடுவாங்களா? உங்க சாமியாரைக் கேட்டுச் சொல்லு, வர்றேன்."

அக்கா நிஜமாகவே போய்க் கேட்டாள். அது கடவுளின் இரக்கம் என்று சொன்னார் அப்போதிருந்த சாமியார். வந்து சொன்னாள்.

"இரக்கம்னா ஆமாவா, இல்லையா?" என்றார் இவாமாட்சு.

அக்கா அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினாள். பிறகு அவரை அவள் கூப்பிடவில்லை. கழுத்து மட்டும் அந்த ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

ஒரு மாரிக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி இறங்கவே இல்லை. அவருக்கு இருந்தது ஒரே கவலை. விலகின வீடுகளிலும் சாவுக்குப் புத்த பிக்குதான் வந்து ஓத வேண்டும். ஒளிந்து வாழ்ந்த காலத்தில் வந்த கட்டாயம், பிறகு வழக்கமாகிவிட்டது. பிக்கு முன்னறையில் ஓதும்போதே, பின்னறையில் அவர்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து அந்த ஓதலை அழிக்கிற செபத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். அப்படி அழிக்காவிட்டால் செத்தவர் தன் சனம் இருக்கிற இடத்துக்குப் போக முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் இவாமாட்சுவைத் தவிர அந்தச் செபம் தெரிந்து மிஞ்சியிருந்தவர் அடுத்த தீவிலிருந்த அவருடைய பெரியப்பா மகன் தொராசோ ஒருவர்தான்.

"தொராசோ வராம பிக்குவை உக்கார விடாத" என்றார் இவாமாட்சு. "அழிக்காம விட்டீங்கன்னா நான் வேற எங்கயோ போயிடுவேன். அங்க எனக்கு யாரையும் தெரியாது, கிவா."

சொன்ன வாரத்திலேயே போய்விட்டார். அன்றைக்கென்று மேல்காற்று கிளம்பியது. தொராசோ வர வேண்டிய படகு நின்றது. காத்திருந்தோம், காற்று இன்னும் வலுத்தது. இனி வைத்திருக்க முடியாது என்று ஊரார் சொன்னார்கள். பிக்கு குடை பிய்ந்து, நனைந்துபோய் நடந்தே வந்துவிட்டார்.

நான் அடுப்படியில் பிக்குவின் சைவச் சாப்பாட்டுக்கு டோஃபு நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா அரிவாளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சில்லு. வேதத்துக்காகச் செத்தவர் ஒருவர் தொட்ட கமேலியா மரத்திலிருந்து வந்தது என்று அந்த வீடுகளில் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். செத்தவர் கையில் வைத்து அனுப்பினால், அந்தப் பக்கத்தில் சொந்த சனம் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுமாம்.

"சுயே, இந்த முனையைப் பிடி."

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பாதி காட்டினாப் போதும். அவங்கப்பா என்ன அளந்தா பார்ப்பாரு?"

கமேலியா கெட்டி மரம். அரிவாள் வழுக்கி, என் கட்டைவிரல் பிழைத்தது புண்ணியம். கடைசியில் கோணலாகப் பிளந்தது. பெரிய பாதியை எடுத்தாள். "இது அவருக்கு. சின்னதைக் குடுத்தா வழியிலேயே தொலைச்சிடுவாரு." போய் அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள். சின்னப் பாதி அவள் இடுப்பு மடிப்புக்குள் போயிற்று.

முன்னறையில் மணி அடித்தது. பிக்கு ஓத ஆரம்பித்தார். அக்கா பின்னறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நீ கதவைப் பாத்துக்கோ."

"அக்கா, இதைப் பொம்பளைங்க சொல்லக்கூடாதுன்னு சொல்லுவாங்களே. அதோட நீங்க நம்ம கோயில்..."

"சொல்றதுக்கு ஆம்பளை யாரு இருக்கா? காட்டு, கூப்பிடறேன்."

மெத்தை அலமாரியைத் திறந்து வெள்ளை அம்மன் முன்னால் மண்டியிட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று கோயிலில் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தது அவள் வாய். சட்டென்று நிறுத்தினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்ப ஆரம்பித்தபோது வந்தது அவருடைய செபம். பாதி வார்த்தைக்கு யாருக்கும் அர்த்தம் தெரியாத, தேய்ந்துபோன, ஒரே மூச்சில் இறங்குகிற செபம். இத்தனை வருஷம் "அது அப்படி இல்லீங்க" என்று அவள் திருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு இடத்தையும் அவர் சொன்னபடியே சொன்னாள். கடைசியில் வரும் அழிக்கிற பகுதியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் தொராசோவுக்குத் துணையாக உட்காரும் இவாமாட்சு, அதை மறந்துவிடக் கூடாதென்று அலமாரிக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

ஒரு இடத்தில் வரிசை தப்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குள் முன்னறையில் ஓதல் முடிந்துவிட்டது. பிக்கு இருமினார். தேநீர் கேட்டார். உறிஞ்சி உறிஞ்சி, அந்த வயசானவர் ஒரு கோப்பையை அவ்வளவு நேரம் குடித்து நான் பார்த்ததில்லை. பிறகு கதவோரம் வந்து, என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உள்ள முடிஞ்சுதாம்மா? முடியலன்னா இன்னொரு கோப்பை குடிக்கிறேன்."

பெட்டியை அவர்கள் கூட்டத்துக் கல்லறை மேட்டில், அவர் அப்பா பக்கத்தில் இறக்கினார்கள். காற்று நின்ற பிறகு தொராசோ வந்தார். நடந்ததைக் கேட்டு, திட்டவில்லை. "வரிசை தப்புச்சா?" என்று மட்டும் கேட்டார். "தப்புச்சு. திரும்பச் சொன்னேன்" என்றாள் அக்கா. "அப்ப சரி" என்று சாக்கேயை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போனோம். அக்கா தூணோரம் மண்டியிட்டபடியே இருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மாசங்கள் போயின. நான் மெதுவாகக் கேட்டேன்: "அன்னிக்குப் பின்னறையில சொன்னதைச் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுங்களேன்க்கா. மன்னிச்சிடுவாரு."

"மன்னிப்பாரு. ஆனா நான் வருத்தப்படணும்ல? வருத்தமே வரமாட்டேங்குது, சுயே. வந்ததும் சொல்றேன்."

வருஷங்கள் போயின. சாமியார்கள் மாறினார்கள். முதல் மணிக்கு வந்து கடைசியில் கிளம்புகிறவள் நற்கருணைக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. ஊரில் ஏதேதோ பேசினார்கள். பிறர் எழுந்து போகும்போது அவள் கை இடுப்பு மடிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

போன வருஷம் கமேலியா பூத்திருந்த சமயத்தில் அவள் படுத்தாள். புதுசாக வந்திருந்த இளம் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்காக வந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே வெகு நேரம் அவள் குரல்தான். இடையில் ஒரு தரம் சாமியார் சிரித்த மாதிரி கேட்டது. அதற்குப் பிறகு, அத்தனை வருஷம் கழித்து, நற்கருணை கொடுக்கிற செபம்.

வருத்தம் வந்துதான் சொன்னாளா, வராமலே சொன்னாளா, எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் சாமியாருக்கும் இடையில்.

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். குளிப்பாட்டி, வெள்ளை முக்காடு போட்டு, விரல்களில் செபமாலையைச் சுற்றினேன். சாமியார் வந்து பக்கத்தில் நின்றார். இடுப்பு மடிப்பில் இருந்ததை நான் என் மடியில் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். அவர் முன்னால் எப்படி எடுப்பதென்று தெரியாமல் பெட்டியோரம் துணியைச் சரிசெய்வது போல நின்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடாவுக்கு அந்தப் பக்கம் இவாமாட்சு இருக்கும் மேடு தெரிகிற ஜன்னல்.

"அந்தச் சின்னப் பாதி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார். "கை விறைக்கறதுக்குள்ள வச்சிடுங்கம்மா. நான் பாக்கல."