முகராமல் விட்ட பெட்ரோல்

கல்ஃபான் காது கொடுத்துக் கேட்டால் எந்த இன்ஜினும் அவனிடம் பொய் சொல்லாது என்று அல் ஐனின் பட்டறைப் பேட்டையான சனாயியா முழுக்கப் பேச்சு. மனுஷன் சொல்கிற பொய்தான் அந்தக் காதில் ஏறாது. இதை அவன் முகத்துக்கு நேராக யாராவது சொல்லியிருந்தால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான்.

பதினெட்டு வருஷம் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, ஓய்வு வாங்கி வந்து ஷெட் போட்டவன். வேலை என்று வந்தால் கந்தூரா அங்கியை இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொள்வான். மணல்மேடு ஏறும் பந்தய வண்டிகளுக்குப் பெரிய டர்போ மாட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று லேப்டாப்பில் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இன்ஜின் உடம்பில் ஒரு செம்புக் குழாயை முடுக்கி, ரப்பர் குழாய் வழியாக அதைக் காதுக்கு இழுத்துவிடுவான். பிளக் பொறியிலிருந்து தீ பரவி வரும் முன்னாலேயே பெட்ரோல் தானாக வெடித்தால் உள்ளே ஆணியைச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். அதுதான் நாக்கிங். நாலு தட்டு பொறுக்கும், நாற்பது தட்டினால் பிஸ்டனில் ஓட்டை.

அந்தக் குளிர்காலத்தில் அவன் கணக்கு எழுதிய வண்டி ஒரே மாதத்தில் இரண்டு இன்ஜின்களைத் தின்றது.

வண்டி அபூ ஸைஃபுடையது. நல்ல மனுஷன், ஆனால் பொறுமை கொஞ்சம் கம்மி. மூன்றாவது இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு, "கல்ஃபான், இதுவும் போச்சுன்னா என்னோட ஆறு வண்டியும் வேற ஷெட்டுக்குப் போயிடும். மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றார். ஆறு வண்டி போனதும் மற்றவர்களும் போவார்கள் என்று கல்ஃபானுக்குத் தெரியும். 'கல்ஃபான் கணக்கு இன்ஜினைக் கொல்லும்' என்ற சொல் ஒருமுறை கிளம்பிவிட்டால் அப்புறம் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஒட்டகம் மேய்க்கத்தான் போகவேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். பழைய பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் மேல் அலுமினியத் துகள் மிளகுப்பொடி தூவியதுபோல் ஒட்டியிருந்தது. நாக்கிங்தான், சந்தேகமே இல்லை. பம்பை மாற்றினான். இன்ஜெக்டர்களைக் கழுவி அளந்தான். மேடு ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்க, டாங்கியில் பெட்ரோல் பின்னால் ஓடி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறதோ என்று நடுவில் ஒரு குட்டி டாங்கி வைத்தான். ஷெட்டில் சோதனை உருளையில் ஏற்றி, ஷெட்டு பெட்ரோலில் ஓட்டினால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி சாதுவாக ஓடியது. மேட்டுக்குப் போனால் தட்டியது. பொறி தட்டும் டைமிங்கைக் குறைத்தான். அப்போதும் தட்டியது.

ஒன்றை மட்டும் அவன் சோதிக்கவில்லை. பெட்ரோலை.

மேட்டடியில், நாக்கிங்கைத் தாங்கும் பந்தய பெட்ரோல் டிரம்கள் இருந்த இரும்புக் கொட்டகையின் சாவி முஸபஹ்ஹிடம் இருந்தது. முஸபஹ் அவனுக்குப் பால் சகோதரன். ஒரே தாயிடம் இருவரும் பால் குடித்தவர்கள். எங்கள் ஊரில் அது கூடப் பிறந்ததற்குச் சமம். முஸபஹ் தன் கையால் டிரம்மைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியில் ஊற்றுவான். அத்தனை பேர் பார்க்க அந்த டிரம்மில் மூக்கை வைப்பதும், "நீ திருடன்டா" என்று சொல்வதும் ஒன்றுதான். நிறம் கொஞ்சம் வெளுத்திருப்பதைக் கல்ஃபான் ஒருநாள் கவனித்தான். வெயிலில் வெளுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் இடத்தில் இங்கே யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வண்டி மேட்டில் பாய்ந்தது. ஓட்டியவன் மத்தர். பாதி மேட்டில் கல்ஃபானின் லேப்டாப் திரையில் நாக்கிங்கைக் காட்டும் சிவப்புக் கோடு குதித்தது.

"மத்தர், காலை எடு! எடுடா காலை!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினான்.

இன்ஜின் பிழைத்தது. வண்டி பாதியில் மணலில் அமர்ந்துவிட, கூட்டம் ஹாரன் அடித்துச் சிரித்தது. "கல்ஃபான், மிச்ச தூரத்துக்கு ஒட்டகம் அனுப்பட்டுமா?" என்று ஒருவன் கத்தினான்.

கல்ஃபான் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் அழுத்தம் ஆடாமல் நின்றது. காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதம் சரி. ஆனால் ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல் தட்டியிருந்தன. இன்ஜெக்டர் கோளாறு என்றால் ஒன்று தட்டும், இரண்டு தட்டும். ஆறும் சேர்ந்து தட்டாது. ஆறுக்கும் பொதுவாக உள்ளே போனது ஒன்றுதான்.

டாங்கியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினான். அடர்த்தி காட்டும் கண்ணாடி மிதவையை, ஷெட்டில் சீல் உடைக்காமல் இருந்த டிரம்மைத் திறந்து அதன் பெட்ரோலில் விட்டான், ஆழமாக இறங்கியது. பாட்டிலில் விட்டான், பாதியிலேயே நின்றுவிட்டது. தெருமுனை பங்க் பெட்ரோலில் விட்டால் இன்னும் மேலே நின்றது. சரிபாதி பங்க் பெட்ரோல் கலப்படம். அந்த அழுத்தத்தில் அதை எரித்தால் எந்தக் கணக்கும் தாங்காது.

கொட்டகைக்கு ஒரே ஒரு சாவிதான். கல்ஃபான் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேறு யாராவது செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். இப்போது கோபம்கூட வரவில்லை, நெஞ்சுதான் வலித்தது.

அவன் பாட்டில் பிடித்ததை முஸபஹ் பார்த்திருந்தான். மறுநாள் காலை அவனே ஷெட்டுக்கு வந்தான். பாயில் சம்மணமிட்டான். கல்ஃபான் காப்பி ஊற்றினான். முஸபஹ் சிறு கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் பாயில் வைத்தான்.

காப்பியைக் குடிக்காமல் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். வீட்டுக்காரன் "குடி, கொடுத்தாயிற்று" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. கல்ஃபான் அந்தக் கோப்பையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

"குடிடா. நீ கேட்டது குடுத்தாச்சு" என்றான்.

முஸபஹ் ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தான்.

"பெட்ரோல் விஷயத்தை நீ யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. அபூ ஸைஃப் கேட்டாலும் சரி."

கல்ஃபான் காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தான். "அப்ப இன்ஜின் எதனால போச்சுன்னு நான் சொல்றது?"

"அது உன் பாடு. உன் லேப்டாப்புக்குத் தப்பே வராதா?"

"ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"அஞ்சு வருஷம் உன் வண்டிய ஓட்டி அந்த மேட்டுல முதுகு ஒடிஞ்சது எனக்கு. ஊரு என்ன சொல்லிச்சு? கல்ஃபான் வண்டி ஏறிடுச்சுன்னு சொல்லிச்சு. டாக்டர் ஓட்டாதன்னு சொன்ன மறுநாளே, பத்து பேர் நடுவுல 'இனிமே மத்தர் ஓட்டுவான்'னு சொன்ன நீ. என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் இல்ல உனக்கு. நானும் எல்லார் கூடயும் சிரிச்சேன்."

"சொல்லியிருக்கணும்தான், தப்புதான்" என்றான் கல்ஃபான். "அதுக்காக என்னை இப்படிக் கவுத்துட்டியேடா. மேட்டுல மத்தர் செத்திருந்தா?"

முஸபஹ் எழுந்து போகவில்லை.

மதியம் அபூ ஸைஃப் வந்தபோதும் அவன் அங்கேயே இருந்தான். "என்ன கோளாறு, கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார் அவர்.

பாட்டிலும் மிதவையும் மேசை மேல்தான் இருந்தன. கல்ஃபான் அவற்றைப் பார்க்காமல் நின்றான்.

"என் கணக்குதான் தப்பு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அபூ ஸைஃப் சாவிகளுக்காகக் கையை நீட்டினார். கல்ஃபான் ஆறு சாவிகளையும் எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் முஸபஹ் வாய் திறந்தான்: "விடுங்க அபூ ஸைஃப், பாவம். அவனுக்கும் வயசாகுதுல்ல."

கலப்படப் பெட்ரோலைக்கூடக் கல்ஃபான் ஒருநாள் மறந்துவிடுவான். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை மறக்கமாட்டான்.

இப்போது அவன் தண்ணி லாரிகளுக்கு கிளட்ச் மாற்றுகிறான். முஸபஹ் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான். பால் கொடுத்தவள் உயிரோடு இருக்கும்வரை கதவைச் சாத்த முடியாது. வந்தால் உட்காரச் சொல்கிறான், பேரீச்சம்பழத் தட்டை நகர்த்துகிறான், நலம் விசாரிக்கிறான். காப்பிக் கூஜாவை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, பால் ஊற்றிய டீயைக் கொண்டுவந்து கொடுக்கிறான். டீயைக் குடிக்காமல் வைத்தால் அது ஆறிப்போகும், அவ்வளவுதான். யாரும் அவனிடம் எதையும் கேட்க முடியாது.