வளைவுக்கு உருட்டிய சைக்கிள்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் மளிகைச் சீட்டைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. சொல்ல வருவது முன்னே பின்னே போகும், பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து கிழக்கே பிரியும் சின்ன ரோட்டில் இருக்கிறது. ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் ஓடைப் பாலம் வரும். அதைத் தாண்டினால் கோடு கிழித்ததுபோல நேர் ரோடு. அது முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவில் அந்தக் காலத்தில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது.

போன மாதம் ரோட்டு ஆபீசிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். இன்ஜினியராம். பஞ்சாயத்து ஆபீசில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் ரோட்டின் படத்தைச் சுவரில் ஒட்டினாள். ஆட்கள் அடிபட்ட இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி. எல்லாப் புள்ளியும் வளைவில்தான், மிளகாய் விதையைக் கொட்டினாற்போல் ஒரே இடத்தில் கிடந்தது. "வளைவுல போர்டு வச்சாச்சு, மரத்தை வெட்டியாச்சு, வேகத்தடையும் போட்டாச்சு. அப்புறமும் ஏன் குறையல? இப்ப வளைவையே நிமிர்த்தலாம்னு திட்டம். நீங்கதான் இங்க இருக்கிறவங்க, சொல்லுங்க" என்றாள். ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று தலையை ஆட்டினேன். "பேசக் கூச்சமா இருந்தா எழுதிக் குடுங்கம்மா" என்று சிரித்தாள்.

அந்த முதல் புள்ளி எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதை உருட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். பொங்கல் முடிந்து உளுந்து வந்த சமயம். எங்களுக்கெல்லாம் களம் அந்த நேர் ரோடுதான். செடியைத் தாரில் பரப்பிவிட்டால், போகிற பஸ்ஸும் வண்டியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துவிடும். உதிர்ந்த பிறகு வண்டி ஏறக்கூடாது. அதனால் தூற்றிய உளுந்தைப் பாதி ரோட்டில் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைப்போம், தேங்காய் அளவு, சிலது பூசணி அளவு. கல் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. சாயங்காலம் உளுந்தை அள்ளிவிடுவார்கள். கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள், மறுநாள் காலையில் திரும்ப வேண்டுமே என்று. அம்மா மட்டும் "கல்லை ஓரமாத் தள்ளிட்டு வாட்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் நாலைந்து கல்லைத் தள்ளினேன். மற்றது கனத்தது. நாளைக்கு நான்தானே மறுபடி தூக்கி வைக்க வேண்டும் என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டுப் பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஜவுளி பாய் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சைக்கிளில் சேலை மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றுவிட்டு, பொழுது சாயத் திரும்புவார். என்னைக் கண்டால் பொம்மைக்கு உடுத்த ஒரு துண்டுத் துணி கிழித்துக் கொடுப்பார். அன்றைக்கு, "பாப்பா, நாளைக்குச் செவப்புத் துணி கொண்டாரேன், பொம்மைக்குக் கல்யாணம் முடிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். நேர் ரோடு மேற்கே பார்த்த ரோடு. மாசி மாதத்து வெயில் மலைக்கு மேலே நின்றுகொண்டு அவர் கண்ணுக்கு நேரே அடித்தது. ஒரு கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

எதிரே பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி வந்தது. பாய் ஓரத்துக்கு ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் என் கல் இருந்தது.

சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்ததைப் பார்த்தேன். அவர் விழுந்தது லாரியின் பின் சக்கரத்துப் பக்கம். லாரிக்காரனுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, நிற்காமல் போய்விட்டான்.

நான் கத்தியதில் வயலில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். என்னைப் பெற்ற அய்யாதான் எங்கள் மாட்டு வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, பாயைப் படுக்க வைத்துப் பெரிய ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து ஏதோ வண்டியை மறித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். வண்டி நகரும்போது பாய் என்னமோ முனகினார். வலது கால் இருந்த இருப்பை நான் எழுத மாட்டேன்.

அய்யா போனதும் மாமா அங்கேயே நின்று யோசித்தார். அம்மாவுடன் பிறந்தவர். ஊரில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ரோட்டில் ஊற்றிக் கழுவினார். கல்லையெல்லாம் காலால் பள்ளத்தில் உருட்டினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அழுதுக்கிட்டு நிக்காத. அந்தச் சைக்கிளைப் புடி. வளைவு வரைக்கும் உருட்டு."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? இங்கன கெடந்தா ஒங்க அய்யாவக் கொண்டுபோயி ஸ்டேசன்ல உக்கார வச்சிருவாக. வளைவுல கெடந்தா பழி வளைவு மேல போயிரும். வளைவ எவன் புடிச்சு உள்ள போடப் போறான்?"

சேலை மூட்டையை அவர் தோளில் போட்டுக்கொண்டார். நான் சைக்கிளை நிமிர்த்தினேன். முன் சக்கரம் கோணியிருந்தாலும் உருண்டது. அதுவரைக்கும் எந்தச் சைக்கிளையும் தொட என்னை விட்டதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பாதி தூரத்தில் நான் அழுகையை நிறுத்திவிட்டேன். கட்டை விரலால் மணியை அமுக்கினேன். கணீரென்று அடித்தது. இன்னொரு தடவை அடித்தேன். அப்படி மணியடித்துக்கொண்டே போய், புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டோம்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேசனிலிருந்து ஏட்டையா வந்தார். மரத்தடியில் கிடந்த சைக்கிளைப் பார்த்தார். மரத்திலிருந்து காலடி வைத்து அளந்து, நோட்டில் எழுதினார்.

"ஏலே, யாருலே மொதல்ல பாத்தது?"

"இந்தப் பிள்ளதான் ஏட்டையா" என்று மாமா என்னை முன்னால் தள்ளினார்.

"ஏ பிள்ள, பாய் இங்கனதான் விழுந்தாரா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு தாயி. தலையாட்டுனா நோட்டுல எப்பிடி எழுத?"

"அது கூச்சப்படும் ஏட்டையா. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டாலும் அதுக்குத் தலையாட்டத்தான் வரும்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டையாவும் சிரித்தார், எழுதி முடித்தார், மோர் குடித்துவிட்டுப் போனார்.

அய்யா மத்தியானம் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் ரத்தம். மாமா, "எல்லாம் சரி பண்ணியாச்சு மச்சான், ஒங்க மேல ஒண்ணும் வராது" என்றார். அய்யா நேராக ரோட்டுக்குப் போனார். பள்ளத்தில் கிடந்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் பாழுங்கிணற்றில் போட்டார். அதற்கப்புறம் அவர் ரோட்டில் எதையும் காயப்போடவில்லை. எங்கள் வீட்டு உளுந்து மட்டும் வாசலிலேயே காய்ந்தது. ஊர் அவரைக் கேலி பேசியது. அய்யா ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பாய் வந்தார். தனியாகத்தான் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, கக்கத்தில் கட்டை ஊன்றி, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். மாமா உள்ளே இருந்தார். அம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒன்னையத்தான் பாக்க வந்தேன் பாப்பா. நீதான மொதல்ல பாத்தியாம்?"

தலையை ஆட்டினேன்.

"நான் எங்கன விழுந்தேன்? எல்லாரும் வளைவுங்காக. எனக்கு என்னமோ பாலத்தைத் தாண்டுன ஒடன வெயிலு கண்ணுல அடிச்சதும், என்னமோ ஒண்ணு சக்கரத்துல தட்டுனதும்தான் ஞாபகம் இருக்கு. வளைவுல புளியமரத்து நெழலுல்லா? அங்கன எப்பிடி வெயிலு அடிச்சிருக்கும்?"

உள்ளேயிருந்து மாமா இருமினார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டையாவிடம்கூடத் திறக்காத வாயை அன்றைக்குத் திறந்தேன்.

"வளைவுலதான் பாய்."

அவர் கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "அப்பச் சரி. பச்சப்பிள்ள பொய் சொல்லுமா? மண்டையில பட்ட அடியில எனக்குத்தான் புத்தி எடம் மாறிருச்சு. எங்க வீட்லயும் அதத்தான் சொல்லுதாக, வளைவுல பராக்குப் பாத்துக்கிட்டு ஓட்டிட்டு வெயிலு மேல பழி போடுதீகன்னு." சட்டைப் பையிலிருந்து மடித்த சிவப்புத் துணி ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு போனார்.

கல் யாருடையது என்று துப்புத் துலக்கத்தான் வந்திருக்கிறார், நான் சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மாமா என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே பொம்மைக்குக் கல்யாணம் முடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்துக்குப் பெயரே 'பாய் விழுந்த வளைவு' என்றாகிவிட்டது. ஆபீஸ்காரர்கள் வந்து போர்டு வைத்தார்கள். நேர் ரோட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே உளுந்தும் குதிரைவாலியும் காய்வதும் நிற்கவில்லை, கல் வைப்பதும் நிற்கவில்லை. எப்போதாவது ஒருவர் விழுவார். விழுந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியை வளைவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். மாமா செத்து எத்தனையோ வருசம் ஆகிறது. அவர் சொல்லிக்கொடுத்தது மட்டும் நிற்கிறது. யாருக்கும் அது பொய்யாகவே படவில்லை. விழுந்த வண்டியை வைக்கிற இடம் வளைவு, அவ்வளவுதான். இந்த மாசியில் ராஜபாளையத்து மில்லுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி அந்த நேர் ரோட்டில் கல்லில் ஏறி விழுந்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் ஸ்கூட்டரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போவதைப் பாலத்தை ஒட்டிய என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். அங்கே வைத்துத்தான் போலீஸ்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அந்தப் புள்ளியும் இப்போது படத்தில் இருக்கிறது. தடுத்து ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசில் இருக்கிற தாயி, வளைவை நிமிர்த்துவதற்கு முன்னால் நான் எழுதியதை ஒரு தடவை சரிபார்த்துவிடு. எனக்கு மாதம் தப்பியிருக்கலாம், வயது தப்பியிருக்கலாம். அறுவடை சமயத்தில் சாயங்காலம் பாலத்தில் இறங்கி, மேற்கே பார்த்து நேர் ரோட்டில் நீயே நடந்து பார். கண் கூசுகிறதா, கல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார். வளைவில் புளியமரத்தின் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. மரத்தின் நிழல் ரோட்டில் எதுவரைக்கும் விழும் என்று எங்கள் ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் பாழுங்கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை, எட்டிப் பார்த்தால் கல்லும் தெரியும்.

பாய் காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி, அதுவும் சரியா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் கல்லைத் தேடி வரவில்லை. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொல்லிக் கேட்க, ஒற்றைக் காலோடு வந்திருக்கிறார். அது எனக்குப் புரியவில்லை. நீ அளந்து பார்த்து நான் சொன்னது சரியாக இருந்தால், அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயி. அவர்களுடைய வாப்பா விழுந்தது வெயிலில்தான்.