பகலில் தூங்கப் பழகியவன்

வடக்கே கோவிந்த்புரியில், அவர்கள் இருந்த மூன்றாம் மாடி அறையில் ஒரே ஒரு கட்டில்தான். ஆறு வருடமாக அது மதலைமுத்துவுக்கும் அவர் தம்பி அருள்மணிக்கும் போதுமானதாக இருந்தது. ஓக்லாவில் கதவுக் கீல் செய்யும் கம்பெனியில் அண்ணனுக்குப் பகல் ஷிப்ட், தம்பிக்கு இரவு ஷிப்ட். ஒருவர் எழுந்து போன கட்டிலில் மற்றவர் வந்து விழுவார், போர்வை ஆறியிருக்காது. அருள்மணி திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்தவன். அவன் பிரஸ் மெஷினில் அடித்த தகட்டில் மயிரிழை பிசகு இருக்காது என்று மதலைமுத்து கேட்காதவர்களிடமும் சொல்வார்.

நவம்பரில், தானே தகட்டைத் தள்ளித் தானே அடிக்கும் புது மெஷின் ஒன்று வந்தது. இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். அருள்மணியைப் பகலுக்கு மாற்றி, அண்ணனுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார வைத்தார்கள். மதலைமுத்து கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் அட்டை விரித்துக்கொண்டார். குளிர் முதுகில் ஏறினாலும் அவர் தூங்கிவிட்டார். தம்பிக்குத்தான் கண் மூடவில்லை. தூக்க மாத்திரை போட்டும் பலனில்லை. ஆறு வருடம் பழகிய உடம்பு, இருட்டியதும் வேலைக்குத் தயாராகி உட்கார்ந்தது. வெயில் ஏறினால் தலை தொங்கியது.

எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மதலைமுத்து திரும்பிப் பார்த்தபோது தம்பியின் கை அச்சுக்குள் இருந்தது. கண் மூடியிருந்தது. கால், அச்சை இறக்கும் பெடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோளைப் பிடித்து இழுத்தார். கையுறையின் நுனி மட்டும் நறுக்கென்று போனது.

"தூக்கம் வந்தா சொல்ல வேண்டியதுதானடா."

"தூங்குனதே தெரியலண்ணே."

சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு அவனை அடுத்த தெரு ரப்பர் கம்பெனிக்கு அழைத்துப்போனார். அங்கே மூட்டை தூக்க இரவில் ஆள் எடுத்தார்கள். தம்பி ஐ.டி.ஐ. படித்தவன், எந்த மெஷினும் ஓட்டுவான் என்று மதலைமுத்து இந்தியில் சொன்னார்.

போர்மேன் அருள்மணியின் தோளை மட்டும் பார்த்தார். "ஐ.டி.ஐ.யா? மூட்டைக்கு அது புரியாதே, பையா." இன்றைக்கே எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

இருவரும் வெளியே வந்தார்கள். தம்பி கேட்டான்.

"அப்ப இன்னைக்கு மத்தியானம் தூங்கலாம்லண்ணே?"

"போய்ப் படு. ஜல்தி போ."

அவன் சாலையைக் கடந்து கோவிந்த்புரிப் பக்கம் போகும்வரை பார்த்து நின்றுவிட்டு, அவர் கம்பெனிக்குத் திரும்பினார். தம்பியின் மெஷினில் அதற்குள் வேறு ஆளை உட்கார வைத்திருந்தார்கள்.