எழுநூறு கிராம் கூடுதல்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவர் டிவி பார்த்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பத்தொன்பது வருடமாக எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அவரும் நானும் ஒரே பொறியியல் கல்லூரிப் பட்டறையில் வேலை பார்த்தோம். எனக்கு லேத். மச்சானுக்கு அடுத்த அறையில் டைனோ. மாணவர்கள் சொந்தமாகக் கட்டும் பந்தயக் காரின் எஞ்சினை அந்த இயந்திரத்தோடு இணைத்து ஓட்டினால், அது எவ்வளவு பலமாக முறுக்குகிறது, எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று திரையில் காட்டிவிடும். கேட்க எளிதாக இருக்கும். அந்த அறையின் சூட்டிலும் புகையிலும் அரை மணி நேரம் நின்று பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளைகள் ஒரு வருடம் தூக்கம் கெட்டுச் செய்த எஞ்சினைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கும். திரையில் வருவது எப்போதும் அதற்குக் கீழேதான்.

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?"

"பத்து தடவை ஓட்டினாலும் இதாம்பா வரும்."

முகங்கள் தொங்கிப்போகும். மச்சான் வாழ்க்கையில் அதிகம் பார்த்தது அந்த முகங்களைத்தான். "டாக்டர்கூட நாலு பேருக்கு நல்ல சேதி சொல்றாரு மாப்ள, எனக்கு அதுக்கும் வழியில்ல" என்பார். ஒரு குதிரையைக்கூட அவர் யாருக்கும் தானமாகக் கொடுத்ததில்லை. அவர் எழுதிக் கொடுத்த எண்ணை யாரும் மறுபடி சரிபார்த்ததுமில்லை.

தினமும் காலையில் முதல் வேலையாக இயந்திரத்தைச் சோதிப்பார். அதன் கையில் ஒரு கொக்கித் தட்டைத் தொங்கவிட்டு, மேலே ஐந்து கிலோ எடைக்கல் நாலு வைப்பார். தட்டு ஒரு கிலோ. ஆக, இருபத்தொன்று. திரையும் இருபத்தொன்று காட்டும்படி திருத்திவிட்டுத்தான் டீ குடிக்கவே போவார்.

இந்த வருடம் இரண்டு அணிகள். பகல் வகுப்பு ஒன்று, மாலை வகுப்பு ஒன்று. எஞ்சின் பலம் யாருக்கு அதிகமோ அந்த அணியை மட்டும் போட்டிக்கு அனுப்புவதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. மாலை வகுப்புக்காரர்கள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். கார் கட்டும் கொட்டகைக்குள் வரும்போதே பாதி செத்துப்போய்த்தான் வருவார்கள்.

வியாழக்கிழமை பகல் அணி எஞ்சின் ஓடியது. எழுபத்தொன்று புள்ளி இரண்டு குதிரைத்திறன். வெள்ளிக்கிழமை காலை மச்சான் எடை தொங்கவிடப் போனபோது பழைய தட்டின் கொக்கி முறிந்துவிட்டது. என்னிடம் ஓடி வந்தார். கைக்குக் கிடைத்த இரும்பில், கொஞ்சம் தடிமனாகவே, கொக்கியோடு புதுத் தட்டு ஒன்று செய்து கொடுத்தேன்.

"அதே எடைதானே மாப்ள?"

"அதேதான் மச்சான். கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க."

நான் எடை போடவில்லை. தராசு ஸ்டோரின் கடைசி மூலையில் இருந்தது, எனக்கு நடக்கச் சோம்பல், அவ்வளவுதான். அவரும் அன்றைக்கு மட்டும் எடை போடவில்லை, சொன்னது மைத்துனன் என்பதால்.

மாலை அணிக்கு வந்தது அறுபத்தொன்பது புள்ளி ஆறு. சனிக்கிழமை பகல் அணியின் பெயர் போட்டிக்குப் போய்விட்டது.

புதன்கிழமை பழைய இரும்பு ஒதுக்கும்போது முறிந்த தட்டையும் புதுத் தட்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தேன். ஒரு கை இறங்கியது. இந்தத் தடவை தராசுக்கு நடந்தேன். புதுத் தட்டு எழுநூறு கிராம் அதிகம். கிட்டத்தட்ட இருபத்தொன்றே முக்கால் கிலோவைத் தொங்கவிட்டு, இயந்திரத்திடம் இருபத்தொன்று என்று சொல்லியிருக்கிறோம். அதற்குப் பிறகு அது அளந்ததெல்லாம் குறைத்துத்தான் அளந்திருக்கிறது.

மச்சானிடம் சொன்னேன். அவர் துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். மாலை அணியின் எஞ்சின் எழுபத்திரண்டை ஒட்டி வந்தது.

"விடுங்க மச்சான். பேரு போயாச்சு. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

அவர் துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வெள்ளிக்கிழமையிலருந்து அந்தப் பிள்ளைங்க எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுத் தேடிக்கிட்டிருக்குதுங்க மாப்ள. எங்க பலம் போச்சு, எங்க பலம் போச்சுன்னு. இல்லாத கோளாற எத்தனை நாளைக்குத் தேடும்?"

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். அனுப்பிய பெயரை இனி மாற்ற முடியாது என்று போட்டி நடத்துகிறவர்கள் கைவிரித்துவிட்டார்கள். சாயங்காலம் மாலை அணியின் கொட்டகைக்குப் போனார். நானும் கூடவே போனேன். தரையில் செய்தித்தாள் விரித்து, பிஸ்டன், வால்வு, போல்ட் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அணித்தலைவி பகலில் டயர் கடையில் வேலை பார்க்கிற பெண். மச்சான் நின்றபடியே தட்டின் எடை தவறிப்போனதைச் சொன்னார்.

"அப்போ எங்க எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

"நல்லா இருந்துச்சும்மா. நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் தப்பா அளந்துட்டேன்."

அவள் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "ஒரு தடவ எடை போட்டுப் பாத்திருக்கலாமே சார்?"

"பாத்திருக்கணும்மா. தப்பு என்னோடது."

நான் அவருக்கு அரை முழம் பின்னால்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது மச்சான் ஸ்டோரில் நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிறார். டைனோவுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "மாட்டுனது நான்தானே" என்று நடந்துகொண்டே சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஆறவில்லை. "இத்தனை வருஷம் சேத்த பேர ஒரே நாள்ல தொலைச்சுட்டு நிக்கிறாரே, என்னடா ஆச்சு இவருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"வயசாகுதில்லையாக்கா" என்றேன்.