கொடிக்கயிற்றின் இரண்டு முனைகள்

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்போனில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. ஏதோ ஒரு நாட்டில் தேசியக் கொடியை மாற்றலாமா என்று விவாதமாம். இரண்டு தலைவர்கள் துணியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் செல்வி ஞாபகம் வந்தது.

சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஏழாவது படித்த வருஷம், சுதந்திர தினக் கொடியை யார் ஏற்றுவது என்று தலைமையாசிரியருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஒரு வாரமாகத் தகராறு. என்னால் சும்மா இருக்க முடியுமா? கயிற்றின் ஆளுக்கொரு முனையை இருவரும் இழுக்க, கொடி அசையாமல் நிற்க, உள்ளே மடித்துவைத்த சாமந்தி இதழ்கள் வாடிப்போவதாக வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

"தலைவரு மீசை அப்டியே கீதுடா" என்று பையன்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள்.

செல்வி தலைவரின் மகள். என் பெஞ்சுக்காரி. என் படங்களை முதலில் பார்ப்பவள் அவள்தான். இதை மட்டும் நான் காட்டவில்லை.

"நல்லாத்தான் வரஞ்சிருக்க. எங்கப்பா நேத்துலேர்ந்து சாப்புடலடீ" என்றாள்.

"கிழிச்சிப் போட்டுடட்டுமா?"

"இன்னாத்துக்கு? ஊரே பாத்துடுச்சி."

பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பதினைந்தாம் தேதி தலைமையாசிரியரே கொடி ஏற்றினார். தலைவர் வரவில்லை, செல்வியும் வரவில்லை. அடுத்த வருஷம் அவளைக் கள்ளக்குறிச்சியில் சேர்த்துவிட்டார்கள்.

இந்தச் சித்திரத்தை அவளுக்கு அனுப்பலாமென்று செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அவள் நம்பர் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.