கத்தரி கேட்ட ஏலம்

பிறப்பு 1971. திருமணம் 1990. வட்டார வங்கியின் கடனில் அட்டைப்பெட்டிப் பட்டறை தொடங்கியது 1998. கணவர் மறைவு 2009. தெருவில் வழங்கும் பெயர் கத்தரி. அது அட்டையை வெட்டுவதால் வந்ததா, அடுத்தவர் பேச்சை வெட்டுவதால் வந்ததா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

அந்தத் தெருவின் பட்டறைகள் எல்லாமே அதே வங்கிக் கிளையின் கடனில் எழுந்தவை. 2016இல் கத்தரியின் கொழுந்தன் தவணை கட்டுவதை நிறுத்தினார். வங்கி அவருடைய வெட்டு இயந்திரத்தைப் பறிமுதல் செய்து ஏலம் அறிவித்தது. ஒருவரும் விலை கேட்கக் கூடாதென்று தெரு கூடிப் பேசி முடிவெடுத்தது. ஏலம் படுத்துவிட்டால் வங்கி இறங்கிவந்து பாக்கியைக் குறைக்கும் என்று நம்பினார்கள். இரண்டு ஏலங்கள் படுத்தன. வங்கி இறங்கவில்லை; அந்தத் தெருவுக்கே புதுக்கடன் கிடையாது என்றது.

இதற்கிடையில் கத்தரியின் வெட்டு இயந்திரம் சரிசெய்ய முடியாதபடி பழுதானது. மருந்துக் கம்பெனி ஒன்றின் பெரிய ஆர்டர் கைநழுவும் நிலை. கடன் கேட்டுப் போனார். மேலாளர் மனுவைத் தொடவில்லை.

“உங்க தெரு மெஷின் ஒண்ணு எங்க கிடங்குல துருப்பிடிக்குது. இன்னொண்ணு வாங்க நான் பணம் தரணுமா?”

“எங்க டெபாசிட் மட்டும் இனிச்சுதா சார்?”

“மூணாவது ஏலம் பதினாலாம் தேதி. வேணும்னா வந்து கேளுங்க.”

2017 மார்ச் 14. கிடங்கு வாசலில் தெருவே திரண்டு நின்றது. கொழுந்தன் வழிமறித்தார்.

“அண்ணி, கை தூக்கினீங்க, அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்காதே. போன தடவை மிதிச்சப்போ ரெண்டு கோந்து டப்பா காணாமப் போச்சு.”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். அதே தெருவின் அச்சகக்காரர் கத்தினார்:

“சொந்தக் கொழுந்தன் வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

“உன் கடன் மனுவும் மேனேஜர் மேசையிலதான் தூங்குது. அதை நீ போய் எழுப்பு, பாப்போம்.”

கத்தரி கை தூக்கினார். அவர் கேட்ட முதல் விலையே இறுதி விலையாயிற்று; டெபாசிட்டை எடுத்துக் கட்டினார். கொழுந்தன் அவருடைய காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். இயந்திரத்தை ஏற்றித் தரத் தெருவில் ஒரு தோளும் கிடைக்கவில்லை. வெளியூர் ஆட்களை இரட்டைக் கூலிக்குப் பிடித்தார். மருந்துப் பெட்டிகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. அவரோடு முகம்கொடுத்துப் பேச எவரும் இல்லை.

அடுத்த மூன்று மாதங்களில் அக்கிளை அந்தத் தெருவுக்கு வழங்கிய கடன்கள் ஏழு.