இரண்டு எலுமிச்சம்பழம்

இது நடந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் குடோனில், போன ஆயுத பூஜை அன்று. குடோன் சூப்பர்வைசர் சங்கரபாண்டியனைக் கேட்டால் சத்தியம் செய்வார். ஆனால் கேட்காதீர்கள். மனுஷன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

கண்காட்சிக்காகச் சீனாவிலிருந்து ஒரு வெண்கல ரதம் வந்திருந்தது. பழங்காலத்து ராஜா ஒருவரின் கல்லறையில் தோண்டி எடுத்ததைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த நகல். நாலு குதிரை, இரண்டு சக்கரம், கடிவாளம் பிடித்த சாரதி. பின்னால் கூண்டு, அதற்குச் சின்னக் கதவு. கஸ்டம்ஸ் சோதனைக்காகப் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் பூஜை. லாரி, கிரேன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியாயிற்று. மிச்சம் இரண்டு பழம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரோச் அதற்காகத்தான் நின்றான். கிறிஸ்தவன் என்றாலும் வருஷா வருஷம் அவன் வண்டிக்கும் பழம் உண்டு. ஆனால் சங்கரபாண்டியனுக்கு வாய் சும்மா இருக்காதே.

“வேதக்காரனுக்கு எதுக்குலே எலுமிச்சம்பழம்?”

இரண்டையும் எடுத்து ரதத்தின் சக்கரத்தடியில் வைத்தார். குதிரைகளுக்குக் குங்குமமும் வைத்தார்.

“நீ வீட்டுக்குப் போலே. இந்த வண்டிய அனுப்பி வைக்கேன், ஏறி வா.”

எல்லாரும் சிரித்தார்கள். ரோச் திரேஸ்புரத்திலிருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். பழத்தைக் கொடுத்திருக்கலாம் என்று அப்போதே அவருக்கு உறுத்தியது.

மணி ஆறு நாற்பது. ஆட்கள் போன பிறகு குடோனைப் பூட்டினார். உள்ளே சத்தம்.

டக்... டக்... டக்...

எலி என்று நினைத்தார். எலிக்கு இவ்வளவு கனமா?

திறந்தார்.

ரதம் வைத்த இடத்தில்தான் இருந்தது. சக்கரத்தடியில் பழம் இரண்டும் நசுங்கியிருந்தன.

சாறு ஓடிக்கொண்டிருந்தது...

கூண்டுக் கதவு திறந்திருந்தது.

போன் அடித்தது. ரோச் இறந்துவிட்டானாம். மாரடைப்பு.

மறுநாள் ரதத்தை ஏற்றிப்போக வந்த கண்காட்சிக்காரரிடம் அது எதற்கான வண்டி என்று கேட்டார். ராஜா செத்த பிறகு அவர் ஆவி ஏறிப் போவதற்காகக் கல்லறையில் வைத்ததாம்.

சங்கரபாண்டியன் அடக்கத்துக்குப் போனார். ரோச்சின் மனைவி ஜெபசெல்வி அழவில்லை. அவரையே பார்த்தாள்.

“டீ குடிச்சிட்டு இருந்தாவ. வெளிய குதிர சத்தம் கேட்டுது. ‘அண்ணாச்சி சொன்ன மாதிரியே வண்டி அனுப்பிட்டாவ, போயிட்டு வாரேன்’னு எந்திரிச்சாவ. வாசல்லயே விழுந்துட்டாவ.”

அவர் கிளம்பத் திரும்பினார்.

“எந்த வண்டிய அண்ணாச்சி அனுப்புனிய?”